வேலூரில் மீன் கழிவை வைத்துத் தொழில் செய்ய முடியுமா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மாமா மீன் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடல், செவுள், செதில், இறால் ஓடு என்று கூடை கூடையாகக் குப்பைக்குப் போகிறது. பக்கத்துக் கடைகளிலும் அதே கதைதான். கொலாஜன் (தோலிலும் செதிலிலும் இருக்கும் புரதம்), சிட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்), மீன் எண்ணெய் என்று எங்கெங்கோ படித்திருக்கிறார். கடலே இல்லாத ஊரில் இதெல்லாம் நடக்குமா, எதில் ஆரம்பிப்பது என்பது அவர் கேள்வி.

நடக்கும். ஆனால் சிட்டோசானில் ஆரம்பிக்காதீர்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் ட்ரம்மிலும், வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் வைக்கும் மூன்று வாளிகளிலும் ஆரம்பியுங்கள். நான் வாலாஜாவில் பிறந்தவன். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கடற்கரை ஊர்களின் மீன் ஏற்றுமதி ஆலைகளில் தரம் பார்க்கும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

ஒரு மீனைத் தோல் உரித்து, முள் நீக்கி, சதையை மட்டும் எடுத்தால் பெரும்பாலான மீன்களில் பாதி எடைகூடத் தேறாது. மீதியெல்லாம் தலை, நடுமுள், தோல், குடல், செதில், துடுப்பு. இறாலில் தலையும் ஓடும் சேர்ந்து 40 முதல் 50 சதவீதம் வரும். 2023-24-இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு 17.81 லட்சம் டன். அதில் உறைய வைத்த இறால் மட்டுமே 7.16 லட்சம் டன். அந்த இறாலில் நல்ல பங்கு தலை நீக்கி, ஓடு உரித்துப் போனது. உரித்த ஓடெல்லாம் ஆந்திராவிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் ஆலைகளின் பின்வாசலில் குவிகிறது. அங்கே ஒரே வகைக் கழிவு, டன் கணக்கில், குளிர் குறையாமல் கிடைக்கும். உங்கள் மாமா கடையில் பத்து வகை மீனின் கழிவு, கிலோ கணக்கில், வெயிலில் கிடக்கிறது. நீங்கள் படித்ததெல்லாம் அந்த ஆலைகளுக்கு எழுதியது. வேலூருக்கு வேறு கணக்கு போட வேண்டும்.

அந்தக் கணக்கில் முதலில் வருவது நேரம். சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நம் மார்க்கெட்டுக்குச் சுமார் 140 கிலோமீட்டர். கடலில் பிடித்து, கரைக்கு வந்து, ஏலம் போய், லோடு ஏறி இங்கே இறங்கும்போது மீனின் ஆயுளில் பாதி போயிருக்கும். ஐஸ்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. வெட்டிய நிமிஷத்திலிருந்து சதைக்கு ஐஸ் உண்டு, குடலுக்கு இல்லை. மீன் உயிரோடு இருந்தபோது இரையைச் செரித்த நொதிகள், செத்த பிறகு குடலையே கரைக்க ஆரம்பிக்கும். செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியா பெருகும். மீன் கொழுப்பு காற்றுப் பட்டதும் காறிப்போகும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் காலை ஏழு மணிக்கு வெட்டிய குடல் மதியத்துக்குள் எதற்கும் உதவாததாகிவிடும். ஆகவே இதைக் கழிவு என்று நினைத்துக் கூடையில் வீசும்போதே அதன் விலையும் போய்விடுகிறது. மனிதர் சாப்பிடும் பொருளாக அதை மாற்ற வேண்டுமானால் சாப்பாட்டு மீனுக்குக் கொடுக்கிற ஐஸையும் சுத்தத்தையும் அதற்கும் கொடுத்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது.

அதனால்தான் மூன்று வாளி. ஒன்றில் செதில் மட்டும். இன்னொன்றில் குடல், செவுள், ரத்தம். மூன்றாவதில் தலை, நடுமுள், தோல். இந்த வாளியில் மட்டும் ஐஸ் போடுங்கள். இறால் ஓடு வரும் நாளில் அதற்குத் தனியாக ஒரு பை. எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டால் பிறகு எந்த விஞ்ஞானியாலும் பிரித்துத் தர முடியாது. மீன் வெட்டித் தருகிற அண்ணனுக்கும் அக்காவுக்கும் இது கூடுதல் வேலை. அதற்குக் கூலியில் தனியாக ஏதாவது சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் கை ஒத்துழைக்காமல் இந்தத் தொழில் ஒரு வாரம்கூட ஓடாது.

ஐஸ்லாந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காட் என்ற மீனில் ஏறக்குறைய எதையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள். அந்த மீனின் தோலிலிருந்து ஆறாத புண்ணின் மேல் வைத்து மூடும் பொருளைச் செய்த கெரெசிஸ் என்ற நிறுவனத்துக்கு 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2023-இல் அதை டென்மார்க் நிறுவனம் ஒன்று 130 கோடி டாலர் வரை கொடுப்பதாகச் சொல்லி வாங்கியது. எல்லோரும் பேசுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அங்கே மீன் தலையைப் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர்ச் சூட்டில் காயவைத்து நைஜீரியாவுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே குழம்புக்கு அது வேண்டும். கருவாட்டு வேலையில்தான் அவர்களுக்குச் சேகரிக்கும் பழக்கமும் பிரிக்கும் பழக்கமும் வந்தன. மருந்துக் கம்பெனி அதன் மேல் எழுந்தது.

சாப்பிட முடிகிற பாகத்தைச் சாப்பாடாகவே விற்பதுதான் முதல் மதிப்புக்கூட்டல். வஞ்சிரம் தலையோ பெரிய கட்லா தலையோ நம் ஊரில் குப்பைக்குப் போவதில்லை, அது சரி. ஆனால் ஓட்டல்களுக்கு முள் இல்லாமல் வெட்டித் தரும் கடைகளில் நடுமுள் அப்படியே வீசப்படுகிறது. அந்த முள்ளில் ஒட்டியிருக்கும் சதையை ஸ்பூனால் வழித்துப் பாருங்கள், அளவைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். ஆலைகளில் இதற்கென்றே மெஷின் உண்டு. துளை போட்ட உருளையில் அழுத்தினால் சதை உள்ளே போகும், முள் வெளியே தங்கும். அந்தக் கொத்துச்சதையில் கட்லெட், மீன் உருண்டை எல்லாம் செய்யலாம். வேலூர், ஆம்பூர் பக்கம் மாலை நேரக் கடைகளுக்கு நல்ல கட்லெட் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும், ஃப்ரீசர் வேண்டும். உங்கள் வீட்டில் கைப்பக்குவம் உள்ள ஒருவர் இருந்தால் இதை யோசியுங்கள்.

இப்போது ட்ரம்முக்கு வருகிறேன். குடலும் செவுளும்தான் அளவில் அதிகம், நாற்றத்திலும் அதிகம், வாங்க ஆளும் கிடையாது. இதற்கு உலகம் முழுக்கக் கைகண்ட முறை ஒன்று இருக்கிறது. சைலேஜ் என்பார்கள். கழிவை அரைத்து, அதில் அமிலம் சேர்த்து, புளிப்பை அளக்கும் பி.எச். எண்ணை 4-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) அழுகச் செய்யும் பாக்டீரியா நின்றுவிடும். ஆனால் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் அந்தப் புளிப்பிலும் வேலை செய்துகொண்டே இருக்கும். காலையிலிருந்து நமக்கு எதிரியாக இருந்த நொதியே இப்போது நம் கூலியாள். சதையையும் குடலையும் அது கூழாக்கி, பிறகு நீராக்கிவிடும். குளிர் நாடுகளில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். நம் வெயிலுக்குச் சில நாளிலேயே கரைய ஆரம்பித்துவிடும்.

அளவு இதுதான். 100 கிலோ அரைத்த கழிவுக்கு 85 சதவீத ஃபார்மிக் ஆசிட் 3.5 கிலோ, அதாவது ஏறக்குறைய 3 லிட்டர். உங்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிலோ சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை லிட்டர் போதும். இதை எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டாம். தோலில் சாயம் பிடிக்க வைப்பதற்கு இதே ஆசிட்டைத்தான் தோல் பதனிடும் டேனரிகளில் ஊற்றுகிறார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் கெமிக்கல் விற்கும் கடைகளில் கேன் கேனாகக் கிடைக்கும். வயலுக்கு உரமாகப் போகும் சைலேஜுக்கு அது போதும். கோழிக்கோ மீனுக்கோ தீவனமாகப் போவதானால் தீவனத் தரத்தில் கேட்டு வாங்க வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் கேனைத் திறக்கவே திறக்காதீர்கள். தோலில் பட்டால் வெந்துவிடும், ஆவி மூக்கை அறுக்கும். காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். இரும்பு ட்ரம் ஆகாது, அரித்துவிடும்.

நான் முதன்முதலில் சொந்தமாகச் செய்தபோது மத்திக் கழிவைச் சரியாக அரைக்காமல், தலை தலையாக ட்ரம்மில் போட்டு ஆசிட்டை மேலே ஊற்றி மூடிவிட்டேன். நடுவில் இருந்த தலைகளுக்குள் அமிலம் போகவே இல்லை. உள்ளே அழுகிக் காற்று சேர்ந்து, மூன்றாம் நாள் மூடி தெறித்துச் சுவரெல்லாம் அப்பியது. பக்கத்து வீட்டாரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, இரண்டு நாள் கழுவினேன். அதனால் சொல்கிறேன்: நன்றாக அரைக்க வேண்டும், ஆசிட் எல்லா இடத்திலும் கலக்க வேண்டும், முதல் சில நாள் தினமும் இரண்டு முறை கிளற வேண்டும், பி.எச். தாளை விட்டுப் பார்த்து 4-க்கு மேல் ஏறினால் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். சரியாக வந்த சைலேஜ் அழுகல் நாற்றம் அடிக்காது. புளிப்பான, மால்ட் போன்ற ஒரு வாசனை வரும். எண்ணெய் மீனாக இருந்தால் மேலே எண்ணெய் மிதக்கும், அதை வழித்துவிடுங்கள். முள் அடியில் தங்கும்.

இயற்கை விவசாயம் செய்பவர்கள் இந்த இடத்தில் மீன் அமிலத்தைச் சொல்வார்கள். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை, காற்றுப்புகாமல் மூடி மூன்று வாரத்துக்கு மேல். தேன் போல இறங்கும். பத்து லிட்டர் டேங்குக்கு 30 முதல் 50 மில்லி கலந்து மாலையில் தெளிக்கிறார்கள். நல்ல பொருள்தான், நானும் என் தோட்டத்தில் தெளிக்கிறேன். ஆனால் வீட்டுத் தேவைக்குச் செய்வது வேறு, தொழிலாகச் செய்வது வேறு. 50 கிலோ கழிவுக்கு 50 கிலோ வெல்லம் வாங்கினால் நீங்கள் வெல்ல வியாபாரம்தான் செய்கிறீர்கள். ஆசிட் வேண்டாம் என்று கேட்கிற விவசாயிக்கு நடுவழி ஒன்று உண்டு. 100 கிலோ கழிவுக்கு 10 முதல் 15 கிலோ வெல்லம் போட்டு, லாக்டிக் பாக்டீரியா கல்ச்சர் சேர்த்துப் புளிக்க வைப்பது. பாலைத் தயிராக்கும் அதே வகைப் பாக்டீரியாதான். இனிப்பைத் தின்று அதுவே அமிலத்தை உண்டாக்கிக் கொடுக்கும். அம்முண்டி சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருக்கிறதே, மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப் பாகை வாங்கலாமே என்று தோன்றும். அதை வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதி வேண்டும். வெல்லமே சிக்கல் இல்லாதது. எந்த முறையானாலும் கருவாட்டுக் கழிவை மட்டும் சேர்க்காதீர்கள், உப்பு நிலத்தைக் கெடுக்கும்.

வாங்குவது யார்? கீரை, மல்லிகை, காய்கறி போடுபவர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முள்ளு கத்திரிக்காய் விளையும் இலவம்பாடிப் பக்கம் போய் நாலு விவசாயிகளிடம் ஒரு கேன் இலவசமாகக் கொடுங்கள். பாதி நிலத்தில் தெளித்துப் பாதி நிலத்தைச் சும்மா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பேசினால் முறையாகச் சோதனை போட வழி காட்டுவார்கள். பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டிக் கடையில் விற்பதானால் அது வேறு விஷயம். 2021-இல் இந்த மாதிரிப் பயிர் ஊக்கிகளையும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. லேபிள் அடிப்பதற்கு முன்னால் மாவட்ட வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவனப் பக்கமும் வழி இருக்கிறது. சைலேஜில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தூரம் கொண்டுபோனால் லாரி வாடகை தண்ணீருக்குத்தான் போகும். ஆரணி, களம்பூர் ரைஸ் மில்களில் தவிடு தாராளமாகக் கிடைக்கிறது. சைலேஜைத் தவிட்டோடு பிசைந்து, தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்தால் நாட்டுக்கோழிக்கு நல்ல புரதத் தீவனம். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா? ஒரே எச்சரிக்கை: தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தேளி மீன் குட்டைகளுக்குக் கழிவை அள்ளிப்போகச் சில பேர் வண்டியோடு வருவார்கள். காசு கையில் கொடுப்பார்கள். கொடுக்காதீர்கள். நம் ஏரிகளில் இருக்கும் உள்ளூர் மீனையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும்.

செதில் வாளி சுலபமான சம்பாத்தியம். கட்லா, ரோகு செதில் பெரியது, தடித்தது. நன்றாகக் கழுவி, சதையும் தோலும் இல்லாமல் காயவைத்தால் கெடாது, மூட்டையில் மாதக்கணக்கில் இருக்கும். செதில் என்பது கொலாஜனும் எலும்பில் இருக்கும் கால்சியம் தாதுவும் சேர்ந்த அடுக்கு. வங்காளத்தில் மார்க்கெட் மார்க்கெட்டாகச் சேர்த்துக் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு கடைச் செதிலை யாரும் வாங்க மாட்டார்கள், டன் கணக்கில்தான் கேட்பார்கள். காட்பாடி, வேலூர், குடியாத்தம், ஆற்காடு கடைகள் சேர்ந்தால்தான் ஒரு மூட்டை பத்து மூட்டை ஆகும். அதுவரை மூட்டைகளை ஈரம் படாமல் அடுக்கி வைக்க ஒரு அறை இருந்தால் போதும்.

தோலைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் தோல்தான் நம் வட்டாரத்தின் பிழைப்பு. மீன் தோலைப் பதனிட முடியும். மெல்லியதாக இருந்தாலும் அதன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் பருமனுக்கு மிஞ்சிய உறுதி உண்டு. செதில் இருந்த குழிகள் இயற்கையாகவே அழகான கோலம் போடும். வாட்ச் ஸ்டிராப், பர்ஸ் எல்லாம் செய்கிறார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் பழைய கைத்திறன் இதற்குப் பொருந்தும். ஆட்டுத்தோலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் சூடு தாங்குவதில். ராத்திரி மீந்த மீன் தலைக் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் அல்வா மாதிரி உறைந்திருக்குமே, அது கொலாஜன் சூட்டில் ஜெலட்டினாக மாறியதால்தான். மீன் கொலாஜன் ஆடு மாட்டுக் கொலாஜனைவிடக் குறைந்த சூட்டிலேயே அவிழ்ந்துவிடும். மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரை அப்படியே ட்ரம்மில் விட்டால் பச்சை மீன் தோல் சுருங்கிக் கெட்டுவிடலாம். தண்ணீரைக் குளிர வைத்துத்தான் செய்ய வேண்டும். சென்னை அடையாறில் 1948-இலிருந்து இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். இதில் உண்மையான தடை சரக்குதான். நம் கடைகளில் யாரும் தோல் உரித்து வாங்குவதில்லை. ஒரே அளவில் தோல் வேண்டுமானால் ஜிலேபி கெண்டை வளர்த்து, சதையை மட்டும் விற்கும் ஒரு பண்ணை வர வேண்டும். அப்படி ஒன்று வந்தால், பதனிடும் ஆட்களுக்கு உலகத்திலேயே நம் ஊரைப் போல இன்னொரு இடம் கிடைப்பது கஷ்டம். அதே தோலில் ஜெலட்டினும் எடுக்கலாம். மாட்டு, பன்றி ஜெலட்டினைத் தொடாதவர்களுக்கு மீன் ஜெலட்டின் வேண்டும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் விஷாரத்திலும் ஆம்பூரிலும் இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிட்டோசானை ஏன் வேண்டாம் என்கிறேன்? பொருள் உயர்ந்தது, சந்தேகமில்லை. ரத்தம் நிறுத்தும் கட்டு முதல் தண்ணீர் சுத்திகரிப்பு வரை பயன்படுகிறது. ஆனால் 100 கிலோ ஈர ஓட்டிலிருந்து கிடைப்பது நான்கைந்து கிலோதான். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்க வேண்டும், காஸ்டிக் சோடாவில் புரதத்தை நீக்க வேண்டும், கடைசியில் 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக்கில் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் எங்கே போகும்? பாலாற்றுக்குத்தான். தோல் கழிவுநீரால் நம் கிணறுகள் என்ன ஆயின என்பதை நாம் பார்த்தோம். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதியாகச் சொன்ன வழக்குகளில் ஒன்று நம் வேலூர் வழக்கு. என் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கும் வாயில் வைக்க முடியாது. இன்னொரு கழிவைச் சுத்தம் செய்கிறேன் என்று அதே ஆற்றில் இன்னும் உப்பை விட எனக்கு மனசு வராது. முழுச் சுத்திகரிப்போடு, கடற்கரை ஆலைப் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை அது. நீங்கள் இறால் தலையையும் ஓட்டையும் காயவைத்துப் பொடித்து மண்ணுக்குக் கொடுங்கள். சுத்தமாக ஐஸில் வைத்த தலையானால் வறுத்துப் பொடித்து சூப்புக்கும் விற்கலாம்.

கணவாய் வெட்டினால் உள்ளே இருக்கும் வெள்ளை ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சித்த மருத்துவத்தில் கடல் நுரை என்பது அதுதான். கூண்டுப் பறவை வளர்ப்பவர்களும் சுண்ணாம்புச் சத்துக்காக வாங்குவார்கள். கூறல் போன்ற பெரிய மீன் வந்தால் கடற்கரையில் நெட்டி என்று சொல்லும் காற்றுப்பைக்கு மீனைவிட அதிக விலை. ஆனால் அது இங்கே வந்து சேர்வதற்குள் யாராவது எடுத்திருப்பார்கள்.

பணத்துக்கு, 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் வரை மானியம் என்று வைத்திருந்தார்கள். உங்கள் கணக்கு எந்தப் பிரிவில் வரும், இப்போது என்ன நிலை என்பதை மீன்வளத் துறை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மானியத்தை நம்பி மெஷின் வாங்காதீர்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஏழு நாள் மாமா கடையில் உட்கார்ந்து மூன்று வாளியையும் தினமும் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு வெட்டியது என்றும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கும், புரட்டாசியில் இன்னும் இறங்கும். ட்ரம் 100 லிட்டரா 200 லிட்டரா, அரைக்கும் மெஷின் எத்தனை குதிரைத் திறன், பக்கத்துக் கடைகளைச் சேர்க்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.